குறிஞ்சி மறுபடி பூக்கும்போது கட்டுரை இருக்குமா? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு வலைப்பூ வசதிகள்

2018-இல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது ஓர் இதழின் இணையப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதினேன். மூன்று நாள் அலைச்சல், அட்டைக்கடி, கையில் வந்தது இரண்டாயிரம் ரூபாய். கொஞ்ச காலம் கழித்து அந்த இதழ் தன் தளத்தைப் புதுப்பித்தது. பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. பிறகு வேறோர் ஆசிரியர், "மலையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்றை அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்றார். என்னிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட். அதிலும் கடைசிப் பத்தி இல்லை.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்து 2030. பூ வரும்போது அதைப் பற்றிக் கேட்கும் ஆசிரியர்களும் வருவார்கள். மே மாத சீசன் ஆண்டுதோறும் வரும். எங்கள் மலைப்பூண்டு விலை ஏறினாலும் இறங்கினாலும் யாராவது எழுதச் சொல்வார்கள். மலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பழைய கட்டுரைதான் மூலதனம். அதனால் எந்த வலைப்பூத் தளத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, 'இன்று இதில் போடுவது 2030-இல் என் கைக்குக் கிடைக்குமா?' என்பதைத்தான். டெம்ப்ளேட் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கட்டுரை எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கப் பார்க்கிறாள். "ஃபேஸ்புக்ல எழுதுறேனேண்ணா, வலைப்பூ வேற எதுக்கு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஃபேஸ்புக் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி. கூட்டம் இருக்கும், கூவினால் திரும்பிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் முட்டைக்கோஸ் இலைதான் கிடக்கும். போன வருடம் எழுதியதைத் தேடி எடுப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்கும். வலைப்பூ என்பது கிடங்கும் கடை முகப்பும் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி உண்டு. பொருள்வாரியாக அடுக்கலாம், வேண்டியதை எடுத்துக் காட்டலாம், மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்கும் போகலாம். சந்தைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சரக்கு வீட்டில் இருக்கட்டும்.

தளங்களின் வகையை மட்டும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ப்ளாகர் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. இலவசம், கூகுள் கணக்கு இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. அந்தப் பெயரில் இரண்டு இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது வாடகை அறை: அவர்கள் கட்டிடம், நம் சாமான். வேர்ட்பிரஸ் டாட் ஆர்கில் கிடைப்பது வெறும் மென்பொருள்: இடத்தை நாம் வாடகைக்குப் பிடித்து வீட்டை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டை ஒழுகினால் நாமேதான் ஏற வேண்டும். மீடியம் 2012-இல் வந்தது, சப்ஸ்டேக் 2017-இல். சப்ஸ்டேக்கில் மின்னஞ்சல்தான் மையம். கட்டுரை வாசகரின் இன்பாக்ஸுக்கே போகும். முதல் வருடத்துக்கு ப்ளாகரோ வேர்ட்பிரஸ் டாட் காமோ போதும் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் கீழே சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் தொடங்குவோம்

பெர்மாலிங்க் என்பது ஒரு கட்டுரையின் நிலையான முகவரி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, தலைப்பே முகவரியாகிவிடும். தமிழில் எழுதும்போதுதான் வம்பு. ப்ளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்து அப்படியே வெளியிட்டால், அதை முகவரியாக்கத் தெரியாமல் 'ப்ளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். ஐம்பது கட்டுரைக்கும் கிட்டத்தட்ட ஒரே முகவரி மாதிரித் தோன்றும். எது பூண்டு, எது குறிஞ்சி என்று இணைப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

வேர்ட்பிரஸ் வேறு மாதிரி. தமிழ் எழுத்தை அப்படியே முகவரியில் வைத்துக்கொள்ளும். உலாவியில் பார்க்க அழகாகவே இருக்கும். அதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள்: % குறியும் எண்ணுமாக வால் நீண்டுவிடும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில், இணையத்தில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். 'குறிஞ்சி' என்ற சொல்லில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து எட்டுக் குறியீடுகள். எட்டும் விரிந்தால் 72 எழுத்து! ஆறு சொல் தலைப்பு என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்படி நீண்ட இணைப்பு சில செயலிகளில் பாதியில் அறுந்து, கிளிக் செய்தால் 'பக்கம் இல்லை' என்று வரும்.

தீர்வு எளிது. வெளியிடுவதற்கு முன் பெர்மாலிங்க் பெட்டியைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் நீங்களே அடியுங்கள். குறிஞ்சி, கொடைக்கானல், 2018 என்றால் போதும். ஆண்டைச் சேர்ப்பது என் பழக்கம். பருவம் திரும்பி வரும் விஷயத்துக்கு அது உதவும். 'முன்' என்று சொன்னதைக் கவனியுங்கள். ப்ளாகரில் வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் கட்டுரையை மறுபடி வரைவுக்குத் தள்ள வேண்டும். எந்தத் தளமானாலும், பகிர்ந்த பிறகு முகவரியை மாற்றினால் ஏற்கெனவே போன இணைப்புகளைப் பாதுகாக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசும்போது தட்டச்சையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 'பௌர்ணமி' என்பதை 'பெளர்ணமி' என்று ள-கரம் போட்டு அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். பௌர்ணமி என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை அகப்படாமல் போகலாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தளத்தில் ஏற்ற வேண்டும். மாற்றியில் போட்டு எடுத்ததும் ஒருமுறை கண்ணால் படிக்காமல் விடாதீர்கள்; கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

எழுதும் பெட்டியை நம்பாதீர்கள்

எல்லாத் தளமும் தானாகச் சேமிக்கும் என்று சொல்லும். உண்மைதான், நெட் இருக்கும்வரை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் புரட்டிப்போட்டது. மரம் விழுந்து சாலை அடைத்தது, கரண்ட் போனது, டவரும் போனது. தளத்தின் பெட்டியிலேயே நேராக அடித்துக்கொண்டிருந்த அரைக் கட்டுரை எனக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. அதிலிருந்து முதலில் போன் நோட்ஸிலோ சாதாரணக் கோப்பிலோ எழுதுவது, முடிந்த பிறகு தளத்தில் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டேன். எம்.எஸ். வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். இல்லாவிட்டால் வேர்டின் எழுத்தளவும் நிறமும் ஒட்டுண்ணியாகக் கூடவே வந்து, போனில் ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் தெரியும்.

வேர்ட்பிரஸில் கட்டுரையின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் வசதி உண்டு. நேற்று வெட்டிய பத்தி இன்று வேண்டுமென்றால் திரும்பப் போய் எடுக்கலாம். ப்ளாகரில் அப்படி இல்லை. அழித்துச் சேமித்தால் போனது போனதுதான். ஆசிரியர் ஒருவர் "முதல் வடிவமே நன்றாக இருந்தது" என்று சொல்லும் நாளில் இதன் அருமை புரியும். அப்படி ஒரு நாள் எல்லா எழுத்தாளருக்கும் வரும்.

காட்டுவதும் காட்டாமல் வைப்பதும்

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இதுதான். நம் இதழ்கள் பலவும் 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று உறுதிமொழி கேட்கும். வலைப்பூவில் போட்டாலும் அது வெளிவந்ததாகவே கணக்கு. தங்கச்சி தாண்டிக்குடி காப்பித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அருமையாக எழுதி, ஆசையில் அன்றே தன் வலைப்பூவில் போட்டுவிட்டாள். பிறகு ஓர் இதழுக்கு அனுப்பினாள். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வந்துவிட்டதென்று திருப்பிவிட்டார்கள். பதிவை அழித்தாலும் தேடுபொறியில் கொஞ்ச நாள் நிழல் நிற்கும்.

அதனால் வரைவு, தனிப்பட்டது, கடவுச்சொல் உள்ளது, பொது என்ற நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வேர்ட்பிரஸில் ஒரு பதிவுக்கு மட்டும் கடவுச்சொல் வைக்கலாம். விற்காத கட்டுரையை மாதிரியாகக் காட்ட வேண்டுமானால் இணைப்பையும் கடவுச்சொல்லையும் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பலாம். ப்ளாகரில் முழு வலைப்பூவைத்தான் பூட்ட முடியும், ஒரு பதிவை மட்டும் பூட்ட முடியாது. அங்கே இருப்பவர்கள் அந்த ஒன்றை மட்டும் கூகுள் டாக்ஸில் வைத்து அனுப்புவது நல்லது.

சரி, இதழில் வந்த கட்டுரையைப் பிறகு நம் வலைப்பூவில் போடலாமா? இது உரிமை சம்பந்தப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, இதழின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதும் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவரே. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு. எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அது அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆனால் 'எல்லா உரிமையும் நிரந்தரமாக இதழுக்கே' என்று வந்த தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஆகவே தாளைப் படியுங்கள். தாளே இல்லை என்றால், "வெளிவந்து மூன்று மாதம் கழித்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன், இதழ் பெயரைக் குறிப்பிடுவேன்" என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

காட்டுவதற்கு உள்ள வசதி 'பக்கம்'. பதிவு என்பது தேதிவாரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். பக்கம் அசையாது, மேலே பலகை மாதிரி நிற்கும். இரண்டு பக்கம் போதும். ஒன்றில் நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுவீர்கள், எந்த மின்னஞ்சலில் பிடிக்கலாம் என்பது. இன்னொன்றில் தேர்ந்தெடுத்த ஏழெட்டுக் கட்டுரைகளின் இணைப்பு. ஆசிரியர்கள் பொறுமைசாலிகள் அல்ல, நாற்பது பதிவை உருட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டு முகவரியும் போன் எண்ணும் போட வேண்டாம் என்று தங்கச்சியிடம் அழுத்திச் சொன்னேன். மின்னஞ்சல் போதும்.

கட்டுரை எதைப் பற்றியது என்று ஒட்டும் சீட்டுதான் லேபிள், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 'விவசாயம்', 'வேளாண்மை', 'பயிர்' என்று மூன்று வேண்டாம். ஒரு லேபிளைத் தட்டினால் அது சார்ந்த கட்டுரை மட்டும் வரும் பக்கத்துக்கும் தனி இணைப்பு உண்டு. விவசாய இதழுக்கு எழுதும்போது அதை மட்டும் அனுப்பலாம்.

நேரம் குறித்து வெளியிடுவதும் அப்படித்தான், சின்ன வசதி. சீசனில் பாதிநாள் வண்டிகளுக்கு நடுவே கழியும் என்பதால் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை: செட்டிங்ஸில் நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருள் தொடக்கத்தில் உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை ஆறு மணிக்கு என்று வைத்தது பதினொன்றரைக்கு வந்தது எனக்கு.

படம்

போன் எடுக்கும் ஒரு படமே சில எம்பி கனம். அதை அப்படியே ஏற்றினால் கவுஞ்சி, மன்னவனூர்ப் பக்கம் ஒற்றைக் கோட்டு சிக்னலில் படிப்பவருக்குப் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது தலைப்போடு சின்னப் படம் வருகிறதல்லவா, கனமான படம் அங்கேயும் வராமல் போவதுண்டு. நம் வாசகர்கள் பாதிப் பேர் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள்.

படத்துக்கு மாற்று உரை என்று ஒரு பெட்டி இருக்கும். பார்வையற்றவர்களின் திரை வாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். 'படம் 1' என்று போடாமல் 'பூம்பாறை படிக்கட்டு வயலில் பூண்டு அறுக்கும் பெண்கள்' என்று போடுங்கள்.

இன்னொன்று, மலைக்காரர்களுக்கே உரியது. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கலாம். சில தளங்கள் ஏற்றும்போது அதை அழித்துவிடும், சில அழிப்பதில்லை. குறிஞ்சி பூத்த சரிவின் படத்தைப் போட்டு இடத்தையும் காட்டிக்கொடுத்துவிட்டு, மறுவாரம் செடி மிதிபட்டுக் கிடக்கிறதே என்று புலம்பிப் பயனில்லை. கேமரா செட்டிங்ஸில் இருப்பிடத்தை அணைத்துவிட்டே படம் எடுங்கள்.

வாசகர் பட்டியலும் பணமும்

தளம் போனாலும் வாசகர் போகாமல் இருக்க மின்னஞ்சல் பட்டியல் வேண்டும். பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை நம்பியிருந்தவர்கள் 2013 ஜூலையில் அது மூடப்பட்டபோது தவித்தார்கள். ப்ளாகர்காரர்கள் பலர் பயன்படுத்திய ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா 2021-இல் நின்றது. பட்டியலை முன்பே இறக்கி வைத்தவர்கள் வேறு இடத்துக்கு மாறினார்கள், மற்றவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். சந்தா வசதி இருக்கிறதா என்பதோடு, பட்டியலைக் கோப்பாக இறக்க முடியுமா என்றும் பாருங்கள்.

விளம்பர வருமானம் பற்றித் தங்கச்சி ஆவலாகக் கேட்டாள். கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஓர் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். மலைக் கட்டுரை படிக்க வருகிறவர்களை வைத்து அந்த நூறை எட்டுவது எப்போது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சப்ஸ்டேக்கில் கட்டணச் சந்தா வைத்தால் அவர்கள் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால், அவர்களுடைய பணப் பரிமாற்ற ஏற்பாடு இந்திய வங்கிக் கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், வலைப்பூ நேராகப் பணம் தராது, வேலை கொண்டுவந்து தரும்.

சொந்தப் பெயர், விதைப்பூண்டு

இலவசத் தளத்தில் உங்கள் முகவரியின் வால் அவர்களுடையது. அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம். 2012-இல் கூகுள், இந்தியாவிலிருந்து ப்ளாகர் வலைப்பூக்களைத் திறப்பவர்களை ப்ளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பத் தொடங்கியது. மக்கள் அந்த 'டாட் இன்' இணைப்பையே நகலெடுத்து எங்கும் பகிர்ந்தார்கள். 2020-இல் அந்தப் பெயரின் உரிமை கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. வலைப்பூக்கள் பத்திரமாக இருந்தன. பழைய இணைப்புகள் மட்டும் முட்டுச்சந்தில் போய் நின்றன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இப்படி.

டொமைன் என்பது உங்கள் பெயரில் நீங்கள் வாங்கும் முகவரி. சாதாரணமாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றி ஆகும். முதல் வருடம் மலிவாகக் கொடுத்து இரண்டாம் வருடம் ஏற்றுவார்கள். புதுப்பிக்கும் விலையைக் கேட்டு வாங்குங்கள். தளம் மாறினாலும் அந்தப் பெயரைப் புது வீட்டின் வாசலில் மாட்டிக்கொள்ளலாம். கட்டுரைகளின் முகவரி அமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டால் பழைய இணைப்புகளும் வேலை செய்யும். ப்ளாகரில் சொந்த டொமைன் இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை, வேர்ட்பிரஸ் டாட் காமில் கட்டணத் திட்டம் வேண்டும். டொமைனை நண்பரின் கணக்கில் வாங்க வேண்டாம். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கணக்கு.

இன்னொன்று பேக்கப். எங்கள் ஊரில் பூண்டு வெட்டியதும் எல்லாவற்றையும் வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிவிட மாட்டார்கள். விதைக்கென்று நல்ல பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புகையில் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு இரண்டு போகம், இரண்டு தடவை விதை எடுப்பு. நானும் அந்தக் கணக்கில்தான் மே ஒருமுறை, நவம்பர் ஒருமுறை என் வலைப்பூவை இறக்கி வைக்கிறேன். ப்ளாகரில் செட்டிங்ஸில் பேக்கப், வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் எக்ஸ்போர்ட். வருவது எக்ஸ்எம்எல் வகைக் கோப்பு. எழுத்து, தேதி, லேபிள் எல்லாம் அதில் இருக்கும்.

படங்கள் இருக்காது! அந்தக் கோப்பில் படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். தங்கச்சியை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தோம். புதிதாக ஒரு வலைப்பூ திறந்து, யாருக்கும் தெரியாதபடி பூட்டி, அவள் கோப்பை அதில் ஏற்றினோம். கட்டுரைகள் வந்தன, படங்களும் வந்த மாதிரித்தான் இருந்தது. ஒரு படத்தின் மேல் மவுஸை வைத்து, மவுஸின் வலது பொத்தானைத் தட்டி முகவரியைப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் பழைய கணக்கிலிருந்து வந்துகொண்டிருந்தன; அந்தக் கணக்கு மூடிய நாளில் அவையும் காலி. அன்று சாயங்காலமே தன் போனிலிருந்த மூலப் படங்களை ஆண்டுவாரியாகப் பென்டிரைவில் ஏற்றினாள். தாண்டிக்குடிப் படங்கள் மட்டும் இல்லை. இடம் பற்றவில்லை என்று போன மாதம்தான் போனிலிருந்து அழித்தாளாம். அவற்றைத் தளத்திலிருந்தே ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறாள்.